அணில் தலையளவு வட்டம்

"எதைச் சுடப் போகிறீர்கள்?" என்றுதான் கடைக்காரப் பெரியவர் முதலில் கேட்டார். என்ன விலைக்குள் வேண்டும், எந்தக் கம்பெனி வேண்டும் என்பதெல்லாம் அதற்கப்புறம்.

"சாம்பல் அணில்" என்றார் அத்தான்.

"எவ்வளவு தூரத்தில்?"

"முப்பது கஜம். மிஞ்சிப்போனால் ஐம்பது."

பெரியவர் கல்லாவைத் திறந்து ஒரு கால் டாலர் நாணயத்தை எடுத்துக் கண்ணாடி மேசையின் மேல் வைத்தார். அதன் குறுக்களவு ஓர் அங்குலத்துக்குச் சற்றே குறைவு. "அணில் தலையில் குறிவைக்க வேண்டிய இடம் இவ்வளவுதான். மானுக்கு நெஞ்சில் எட்டு அங்குலம் அகலத்துக்கு இடம் இருக்கிறது. அதனால் மானுக்குத் துப்பாக்கி விற்பது எனக்குச் சுலபம். இதற்கு விற்பதுதான் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை" என்றார்.

அன்று முழுக்க அந்த நாணயத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் அளந்தோம். சிறிய பிராணிதானே, சிறிய தோட்டாதானே, ஏதோ ஒன்று போதும் என்ற எண்ணத்தோடுதான் பலரும் இந்தக் கடை மூலைக்கு வருகிறார்களாம். உண்மையில் பிராணி சிறுக்கச் சிறுக்கத் துப்பாக்கியும் சுடுகிற கையும் இன்னும் திருத்தமாக இருந்தாக வேண்டும். அரை அங்குலம் விலகினால் மானுக்கு ஒன்றும் மாறிவிடாது. அணிலுக்கு அந்த அரை அங்குலம்தான் நொடியில் சாவதற்கும் தாடை உடைந்து பொந்துக்குள் கிடந்து சாவதற்கும் இடையில் இருப்பது.

இடம், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் நடுப்பகுதி. ஸ்டேட் காலேஜ் என்ற பல்கலைக்கழக ஊரிலிருந்து சற்றுத் தள்ளி, ஓக் மரங்கள் அடர்ந்த நீண்ட மலைவரிசைகளுக்கு நடுவே இருக்கும் கடை அது. அக்காள் வீட்டுக்கு வந்திருந்தேன். அத்தான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிப் பல வருடமாகிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு காட்டுக்குப் போய்ப் பழகி, மாநில வனவிலங்கு ஆணையம் நடத்தும் வேட்டைப் பயிற்சி வகுப்பையும் முடித்து, இந்தப் பருவத்துக்கு உரிமம் எடுத்திருந்தார். சொந்தமாக ஒரு ரைஃபிள் வாங்குவதுதான் பாக்கி. "நீயும் வா மாப்ள, பாத்து எழுது" என்று கூட்டிக்கொண்டு வந்தார்.

அணிலையா சுடுவார்கள் என்று நம் ஊர்க்காரர் யாருக்கும் முதலில் தோன்றும். நம் தோட்டத்தில் முதுகில் மூன்று கோட்டோடு ஓடுகிற அணில் நூறு கிராம் சொச்சம்தான் இருக்கும். இங்குள்ள சாம்பல் அணில் அரைக் கிலோவை ஒட்டி இருக்கும். அதை உண்பதற்காகத்தான் சுடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது மாநில விதி. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் இந்தக் காடுகளில் கால் வைத்த நாளிலிருந்து அணில் சாப்பாட்டில் இருக்கிறது. இதே மாநிலத்தின் லங்காஸ்டர் பகுதியில் ஜெர்மானியக் கொல்லர்கள் 18ஆம் நூற்றாண்டில் செய்த நீளக் குழல் ரைஃபிளுக்கும் அதில் பங்கு உண்டு. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது முடிந்துபோன கதை. அதில் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. ஆனால் ஓர் உயிரைக் கொல்வது என்று ஓர் ஊர் சட்டத்தோடும் கணக்கோடும் முடிவு செய்துவிட்ட பிறகு, அந்த உயிர் வலி அறியாமல் போக வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. துப்பாக்கி தேர்ந்தெடுப்பதை அக்கறையோடு பார்க்க எனக்கு அதுதான் காரணம்.

பெரியவர் ஒரு வெற்றுத் தோட்டாக் கூட்டைக் காட்டினார். பித்தளைக் கூட்டின் அடி விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம். ரிம்ஃபயர் என்பது இதுதான். கூட்டின் அடிப்பாகம் வெளிப்பக்கமாக மடிக்கப்பட்டு, உள்ளே வெற்றிடமுள்ள ஒரு விளிம்பாக நிற்கும். தட்டினால் பற்றிக்கொள்ளும் கலவையை ஈரமாக உள்ளே இட்டுக் கூட்டைச் சுழற்றுவார்கள். கலவை விளிம்புக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பொறி எழுந்து உள்ளே இருக்கிற மருந்தைப் பற்றவைக்கிறது. பெரிய தோட்டாக்களில் இந்தக் கலவை அடியின் நடுவில் தனிக் குமிழாக இருக்கும். ரிம்ஃபயரில் ஊசி அடித்து நசுங்க வேண்டும் என்பதால் விளிம்புப் பித்தளை மெல்லியதாகத்தான் இருக்க முடியும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தம் தாங்காது. அதனால்தான் இந்த முறையில் சிறிய தோட்டாக்கள் மட்டுமே நிலைத்தன. ஒருமுறை சுட்ட கூட்டை மறுபடி நிரப்பவும் முடியாது.

1857இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் முதல் ரிவால்வருக்காகச் செய்த .22 ஷார்ட் தோட்டாவிலிருந்து இந்த வம்சம் தொடங்குகிறது. 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்த .22 லாங் ரைஃபிள்தான் இன்றைக்கும் உலகமெங்கும் சுடப்படுவது. என்.சி.சி.யில் இருந்தவர்கள் 'பாயிண்ட் டூ டூ' என்று சொல்லிக்கொண்டு மண்மூட்டைக்குப் பின்னால் படுத்துச் சுட்டதும் இதே தோட்டாதான்.

கண்ணாடிக்குள் மூன்று வகைப் பெட்டிகள் இருந்தன. நடுவில் .22 லாங் ரைஃபிள். வழக்கமான குண்டு 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். சாதாரண வேகத் தோட்டாவில் அது விநாடிக்கு 1,070 அடி வேகத்தில் குழலை விட்டுக் கிளம்பும். அதிவேகத் தோட்டாவில் 1,235 அடி. குண்டின் எடையை 32 கிரெய்னுக்குக் குறைத்து 1,640 அடிவரை விரட்டுகிற வகையும் உண்டு. அதற்குப் பக்கத்தில் .22 மேக்னம். வின்செஸ்டர் 1959இல் கொண்டுவந்தது. அதே 40 கிரெய்ன் குண்டை 1,900 அடியை ஒட்டிய வேகத்தில் அனுப்பும். கடைசியில் .17 எச்.எம்.ஆர். ஹோர்னடி கம்பெனி 2002இல் மேக்னம் கூட்டின் கழுத்தைச் சுருக்கிச் செய்தது. 17 கிரெய்ன் எடையுள்ள குட்டிக் குண்டு, வேகமோ 2,550 அடி.

அத்தான் கண் .17 மேல் போயிற்று. அது இயல்புதான். நூறு கஜத்துக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. லாங் ரைஃபிளை ஐம்பது கஜத்துக்குச் சரிசெய்து வைத்தால் நூறு கஜத்தில் ஆறேழு அங்குலம் கீழே விழுந்துவிடும்.

"நூறு கஜத்தில் வயலில் உட்கார்ந்திருக்கும் கிரவுண்ட்ஹாக்கைச் சுட வேண்டுமென்றால் இதையே கொடுப்பேன். அணிலின் உடம்பில் இது பட்டால் சமைக்க ஒன்றும் மிஞ்சாது. உங்கள் காட்டில் ஐம்பது கஜத்துக்கு மேல் இலைக்கு நடுவே எதுவும் தெரியப்போவதும் இல்லை" என்றார் பெரியவர். பிறகு விலைச் சீட்டைக் காட்டினார். .17 ஒரு பெட்டி வாங்கும் பணத்தில் லாங் ரைஃபிள் மூன்று நான்கு பெட்டி வாங்கலாம். அதாவது மூன்று நான்கு மடங்கு பழகலாம். என் மனத்தில் அந்த இடத்திலேயே கேள்வி தீர்ந்துவிட்டது. பழகாத கையில் இருக்கும் வேகத்தால் அணிலுக்கு ஒரு நன்மையும் இல்லை.

ஓர் எச்சரிக்கையையும் அவர் அழுத்திச் சொன்னார். மேக்னம் தோட்டாவின் கூடு லாங் ரைஃபிளினுடையதைவிடப் பருமன். பெயரில் இரண்டும் .22 என்பதற்காக லாங் ரைஃபிள் தோட்டாவை மேக்னம் துப்பாக்கியில் போட்டால் உள்ளே தளர்ந்து நிற்கும், சுடும்போது கூடு கிழிந்து சூடான வாயு முகத்துக்கு வரும். குழலின் மேல் என்ன பொறித்திருக்கிறதோ அதுதான் அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா.

பிறகு சுவருக்குப் போனோம். முதலில் அத்தான் கைக்கு வந்தது ரூகர் 10/22. 1964இல் வந்த செமி ஆட்டோமேட்டிக். பத்துத் தோட்டா சுழன்று அடங்கும் மேகஸின், வெளியே நீட்டாமல் கட்டையோடு கட்டையாக உட்கார்ந்துவிடுகிறது. குழல் பதினெட்டரை அங்குலம், மொத்த எடை ஐந்து பவுண்டு. அமெரிக்க வீடுகளில் இது இல்லாத பரண் குறைவு என்கிறார்கள். பென்சில்வேனியாவில் 2017 வரை செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளோடு வேட்டைக்குப் போகவே அனுமதி இல்லை. அந்த ஆண்டில்தான் சிறு விலங்குகளுக்கு .22 அளவுக்கு மேற்படாதவற்றை அனுமதித்தார்கள். அடுத்து, குழலுக்குக் கீழே குழாய் மேகஸின் கொண்ட மார்லின் 60. அடுத்து ஹென்றி கம்பெனியின் லீவர் ரைஃபிள். கௌபாய்ப் படம் பார்த்த யாருக்கும் கை தானாக நீளும் அழகு. குழாய் மேகஸினில் கடைசித் தோட்டா உள்ளே தங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. முதல்முறை வாங்குகிறவருக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பெரியவரும் வற்புறுத்தவில்லை.

செமி ஆட்டோமேட்டிக்கைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். அதில் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுவது, சுட்ட தோட்டா பின்னோக்கிக் கொடுக்கும் உதைதான். மென்மையான தோட்டா போட்டால் உதை போதாமல் சிக்கிக்கொள்ளும். கையால் இழுத்துத் தள்ளும் போல்ட் ரைஃபிளுக்கு அந்தக் கவலை இல்லை. எந்த வேகத் தோட்டாவும் அதில் ஓடும். அதைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது வேறு. போல்ட்டைத் திறந்து மூட இரண்டு விநாடி ஆகிறது. முதல் குண்டு தவறினால் இரண்டாவதை அவசரப்பட்டு அனுப்ப முடியாது. அந்த இரண்டு விநாடியில் அணில் எங்கே நிற்கிறது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மறுபடி பார்த்தே ஆக வேண்டும். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

போல்ட் ரைஃபிளில் இரண்டு எடுத்துவைத்தார். ஒன்று சாவேஜ் மார்க் டூ. மற்றொன்று செக் நாட்டின் உஹெர்ஸ்கி ப்ரோட் ஊரிலிருந்து வரும் சி.இசட். 457, 2019இல் அறிமுகமானது. இது வால்நட் கட்டையும் கண்ணாடிபோல் வழுக்கும் போல்ட்டுமாக இருக்கிறது. விலை சாவேஜைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இரண்டில் எது என்று தீர்ப்பதற்குள் பெரியவர் ஒரு காரியம் செய்தார். அத்தானை இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, கட்டைவிரல்களுக்கு நடுவே ஒரு சின்ன முக்கோணம் வைத்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலது கண்ணை மூடியபோது கடிகாரம் அங்கேயே இருந்தது. இடது கண்ணை மூடியதும் மறைந்துபோயிற்று. குறிபார்க்கும் கண் இடது.

"நீங்கள் இடக்கைக்காரரா?"

"சின்ன வயசுல இடது கையிலதான் எழுதுனேன். பள்ளிக்கூடத்துல அடிச்சு மாத்திட்டாங்க" என்று அத்தான் என்னைப் பார்த்துத் தமிழில் சொல்லிவிட்டு, அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பெரியவர் முகம் வாடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் வலக்கை ரைஃபிளை இத்தனை நாள் வலது தோளில் வைத்துக் கழுத்தை வளைத்து இடது கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் அத்தான். இடது பக்கம் போல்ட் வைத்த சாவேஜ் மார்க் டூ ஒன்று உள்ளறையில் இருந்தது. அதை இடது தோளில் வைத்ததும் கன்னம் கட்டையில் தானாகப் படிந்தது. அந்த விநாடியில் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கட்டையின் நீளத்தையும் பார்த்தார்கள். முழங்கையை மடித்து, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் டிரிக்கருக்கு எட்டுகிறதா என்று அளந்தார். கட்டை நீளமாக இருந்தால் குளிர்காலச் சட்டையில் மாட்டிக்கொண்டு தோளுக்கு வராது. குள்ளமானவர்களும் பெண்களும் இதை அவசியம் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கென்றே சின்னக் கட்டையும் ஒற்றைத் தோட்டாவுமாகத் தனி ரைஃபிள்கள் வருகின்றன. அப்படி ஒன்றான கிரிக்கெட் இதே மாநிலத்தின் மில்டன் ஊரில் தயாராவது.

அடுத்தது டிரிக்கர். ஒரு வில் தராசின் கொக்கியை டிரிக்கரில் மாட்டி இழுத்துக் காட்டினார் பெரியவர். கடையில் இருந்த வேறொரு மலிவான ரைஃபிளில் முள் ஆறு பவுண்டைத் தாண்டித்தான் சொடுக்கியது. துப்பாக்கியே ஐந்தரைப் பவுண்டு. விரல் இழுக்கிற பலம் துப்பாக்கியின் எடையைவிட அதிகமாகும்போது குழலின் நுனி ஆடாமல் இருக்காது. சாவேஜில் திருகாணியைத் திருப்பி இரண்டரைப் பவுண்டுவரை இறக்கலாம். மூன்றில் வைத்தார்கள். சாதாரணமாக வாங்குகிறவர்கள் குழலின் நீளத்தைப் பார்த்து மயங்குவார்கள். .22இல் பதினாறு பதினெட்டு அங்குலத்துக்குள் மருந்து எரிந்து தீர்ந்துவிடுகிறது, அதற்குமேல் நீளம் வேகத்தைக் கூட்டுவதில்லை. என்னைக் கேட்டால் டிரிக்கருக்குக் கொடுக்கிற காசுதான் இந்தக் கடையிலேயே நல்ல செலவு.

டிரிக்கரை இழுத்துப் பார்க்கும்முன் தோட்டா அறைக்குள் மஞ்சள் நிறத்தில் எதையோ செருகினார். சுவரில் திருகாணி மாட்ட வைப்போமே, அந்தப் பிளாஸ்டிக் ராவல் பிளக்! ரிம்ஃபயரில் தோட்டா இல்லாமல் டிரிக்கரை இழுத்தால் ஊசி நேராக அறையின் உலோக விளிம்பில் அடிக்கலாம். பழைய துப்பாக்கிகளில் அதனால் பள்ளம் விழுந்துவிடும். தோட்டாவுக்குப் பதில் அந்த பிளாஸ்டிக் அடியை வாங்கிக்கொள்கிறது. வீட்டில் உட்கார்ந்து டிரிக்கர் பழகவும் இதுவே போதும்.

ஸ்கோப் வாங்குவதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். மான் ரைஃபிளுக்கான ஸ்கோப்புகளை நூறு கஜம் அல்லது அதற்கு மேலான தூரத்துக்குச் சரிசெய்து அனுப்புகிறார்கள். அதில் முப்பது கஜத்தில் பார்த்தால், கண் கொஞ்சம் நகர்ந்தாலும் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகரும். நாணய அளவு இலக்குக்கு அந்த நகர்வு போதும், காரியம் கெட்டுவிடும். ரிம்ஃபயருக்கென்று ஐம்பது அறுபது கஜத்துக்குச் சரிசெய்தது தனியாக வருகிறது. இரண்டு முதல் ஏழு மடங்கு காட்டும் ஒன்றை எடுத்தோம்.

இவ்வளவு நேரமும் நான் எதையும் கையில் வாங்கவில்லை. கல்லூரியில் .22ஐத் தோளில் வைத்தவனுக்கு அது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் தற்காலிக விசாவில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய அரசின் சட்டம் தடுக்கிறது. சில விதிவிலக்குகளில் முக்கியமானது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருப்பது. சும்மா வாங்கிப் பார்ப்பதையும் வைத்திருப்பதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு என்பதால் என் கைகள் பைக்குள்ளேயே இருந்தன. எச்1பி விசாவில் இங்கே இருக்கும் நம் பிள்ளைகள், நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போகும்முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அத்தான் 4473 என்ற எண்ணுள்ள படிவத்தைப் பூர்த்திசெய்தார். குற்றவழக்கு, போதைப் பழக்கம், குடும்ப வன்முறை, குடியுரிமை என்று கேள்விகள் போகின்றன. பொய் சொன்னால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். மாநிலப் போலீசின் உடனடிச் சரிபார்ப்பு முறைக்கு விவரம் போய், அங்கிருந்து சம்மதம் வந்த பிறகுதான் பில் போட்டார்கள். அந்த விலைக்குள் ஒரு வரியும் ஒளிந்திருக்கிறது. 1937ஆம் ஆண்டின் பிட்மேன் ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் தயாரிப்பாளரிடம் 11 சதவீதம் வசூலித்து, அந்தப் பணத்தை மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். இங்குள்ள காடுகள் பல பிழைத்திருப்பதில் இந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ரைஃபிள் வாங்கியதோடு பாதி வேலைதான் முடிந்திருந்தது. மீதிப் பாதியை ஊர்க் கழகத்தின் சுடுதளத்தில் பார்த்தேன். .22 ரைஃபிள்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு துப்பாக்கிகூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடாது. எது ஒத்துப்போகும் என்று சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அத்தான் நான்கு வகை வாங்கியிருந்தார். மண்மூட்டையில் குழலைச் சாய்த்து, ஐம்பது கஜத்தில், வகைக்கு ஐந்து ஐந்தாகக் காகிதத்தில் சுட்டார். குண்டுகளின்மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. வகை மாற்றும்போது பழைய மெழுகு குழலிலிருந்து போய்ப் புதிய மெழுகு படிய வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதால், ஒவ்வொரு வகையிலும் முதல் சில தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

1,640 அடி வேகம்கொண்ட லேசான குண்டுகள் காகிதம் முழுக்கச் சிதறின. அதிவேக வகை நாணயத்துக்குள்ளும் வெளியிலுமாக விழுந்தது. ஈயம் இல்லாத செப்புக் குண்டும் ஒன்று இருந்தது. வீட்டில் குழந்தைகள் சாப்பிடப் போகிற இறைச்சி என்பதால் அத்தான் ஆசைப்பட்டு வாங்கியது. இந்தக் குழலுக்கு அது பிடிக்கவில்லை. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே இருந்திருந்தால் ஒத்துப்போகும் செப்புக் குண்டு கிடைக்கும்வரை தேடியிருக்க வேண்டும். கடைசியாக, 40 கிரெய்ன் சாதாரண வேகத் தோட்டா. ஐந்தும் அரை அங்குலத்துக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

மெதுவாகப் போவது ஏன் நன்றாகச் சுடுகிறது? அன்றைய குளிரில் ஒலியின் வேகம் விநாடிக்கு 1,100 அடியை ஒட்டி இருக்கும். அதிவேகக் குண்டு ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, வழியிலேயே வேகம் குறைந்து அந்த எல்லையைக் கடக்கிறது. கடக்கும்போது காற்று அதை உலுக்குகிறது. 1,070 அடியில் கிளம்புவது அந்த எல்லைக்குப் போவதே இல்லை. காற்று அடித்தாலும் அதிவேகக் குண்டுதான் அதிகம் விலகும் என்பது எனக்கே ஆச்சரியம். மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்று ஐம்பது கஜத்தில் சாதாரண வேகக் குண்டையே ஏறக்குறைய ஓர் அங்குலம் தள்ளிவிடுகிறது. ஓர் அங்குலம் என்றால் நம் நாணயம் முழுதும். காற்று வீசும் நாளில் தூரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சுடக் கூடாது.

மண்மூட்டையை எடுத்துவிட்டு நின்றபடி சுடச் சொன்னார்கள். அங்கேதான் உண்மை தெரிந்தது. துப்பாக்கி அரை அங்குலம் சுடுகிறது. நிற்கும் அத்தான் மூன்று அங்குலம் சுடுகிறார். தரையில் உட்கார்ந்து முதுகை மரத்தில் சாய்த்து முழங்காலில் கையை ஊன்றியபோது முப்பத்தைந்து கஜத்தில் எல்லாம் நாணயத்துக்குள் வந்தன. அப்படியென்றால் இந்தப் பருவத்தில் அவருடைய எல்லை அதுதான். உட்கார்ந்து, சாய்ந்து, முப்பத்தைந்து கஜம். அதை ஒரு தாளில் எழுதித் துப்பாக்கி உறைக்குள் வைத்துக்கொண்டார்.

காட்டுக்குப் போனது, ஸ்கோஷியா பக்கத்தில் இருக்கும் 176ஆம் எண் அரசு வேட்டை நிலத்துக்கு. ஒருகாலத்தில் ஆண்ட்ரூ கார்னெகி இரும்புத் தாது வெட்டியெடுத்த இடம். இப்போது ஓக்கும் ஹிக்கரியுமாக மூடிக்கிடக்கிறது. தலையிலும் மார்பிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் ஒளிரும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்பது விதி. என் தலையிலும் ஒரு தொப்பியை மாட்டிவிட்டார் அத்தான். மனிதர்கள் புழங்கும் கட்டடத்துக்கு 150 கஜத்துக்குள், வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் சுடக் கூடாது என்பதால் வரைபடத்தைப் பார்த்து உள்ளே தள்ளி உட்கார்ந்தோம்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே ஹிக்கரிக் கொட்டையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. தோல் துணுக்குகள் இலைகள்மேல் பொலபொலவென்று விழுந்தன. நிமிர்ந்தால் ஒரு கிளையின் நுனியில் அணில், நல்ல பருமன், இருபத்தைந்து கஜம்கூட இராது. அத்தான் ஸ்கோப்பில் பார்த்தார், துப்பாக்கியை இறக்கிவிட்டார். அதற்குப் பின்னால் வானம்தான் இருந்தது. தோட்டாப் பெட்டியின் மேலேயே ஒன்றரை மைல்வரை ஆபத்து என்று அச்சிட்டிருக்கிறார்கள். சின்னக் குண்டு என்பதால் யாரும் அதைப் படிப்பதில்லை. மேல்நோக்கிச் சுட்டுத் தவறிய குண்டு எந்தப் பண்ணை வீட்டு முற்றத்தில் போய் இறங்கும் என்று யார் சொல்வது? அணிலுக்குப் பின்னால் பருத்த அடிமரமோ தடித்த கவட்டையோ இருந்தால் மட்டும்தான் சுட வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அவர் அப்படியே கடைப்பிடித்தார். கையில் புதுத் துப்பாக்கி இருக்கும்போது அது எளிதான காரியமில்லை.

அந்த அணில் போய்விட்டது. வெகுநேரம் கழித்து இன்னொன்று தரையிலிருந்து ஓக் மரத்தின் அடிமரத்தில் ஏறி, ஆள் உயரத்தில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. முப்பது கஜம். அத்தான் முழங்காலில் கை ஊன்றியிருந்தார். சத்தம் மிகக் குறைவு. அணில் துடிக்கவில்லை, பிடி விட்டு அப்படியே கீழே விழுந்தது. கிட்டப் போய்ப் பார்த்தபோது கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஒரே துளை. உடம்பில் எதுவும் படவில்லை. ஈயம் பட்ட இடம் தலையோடு கழிந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு உரித்துக் காட்டினார். வாலின் அடியில் கீழ்ப்பக்கமாக வெட்டி, வாலைப் பூட்ஸால் மிதித்துக்கொண்டு பின்னங்கால்களைப் பிடித்து மேலே இழுக்க வேண்டும். தோல் சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடுகிறது. உடம்பு சூடாக இருக்கும்போதே செய்தால்தான் இப்படி வரும். முடி இறைச்சியில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

திரும்பும் வழியில் மூன்றாவது ஒன்று தெரிந்தது. அறுபது கஜத்துக்கு மேல். அத்தான் போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டிசம்பரில் அணில் பருவம் மறுபடி திறக்கும். அதற்குள் நின்றபடி சுடும் மூன்று அங்குலத்தை ஒன்றாகக் குறைப்பதுதான் அவர் திட்டம். சுடுதளத்தில் நன்றாகச் சுட்ட பெட்டியின் மடிப்பில் இருந்த லாட் எண்ணைக் குறித்துவைத்து, அதே லாட்டில் பத்துப் பெட்டி கொண்ட ஒரு பிரிக், ஐந்நூறு தோட்டா, வாங்கி வைத்திருக்கிறார். லாட் மாறினால் குழல் மறுபடி முரண்டு பிடிக்கலாம். அந்த ஐந்நூறில் ஏறக்குறைய எல்லாமே காகிதத்துக்குத்தான்.